எக்ஸாஸ்ட் மாற்றியதும் செக் எஞ்சின் லைட்: முதலில் பேங்க் 2 எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஓசூர் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதி பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2017 மஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் வி8. பெங்களூரில் ஒரு கடையில் கம்பெனி கேட்கான் (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இரண்டையும் எடுத்துவிட்டு, புகை தாராளமாகப் போகும் ஹை ஃப்ளோ கேட்கான், இரண்டு பக்கக் குழாயையும் இணைக்கும் எச்-பைப், பின்னால் புது மஃப்ளர் எல்லாம் போட்டிருக்கிறார். 400 கிலோமீட்டர் ஓடிய பிறகு செக் எஞ்சின் லைட் வந்துவிட்டது. ப்ளூடூத் ஸ்கேனரில் பி0430 என்ற கோடு, அதாவது குறையைச் சொல்லும் எண், பதிவாகியிருக்கிறது, பி2098 பெண்டிங்கில், அதாவது இன்னும் உறுதியாகாமல், நிற்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறதாம். "பவர் எக்ஸாஸ்ட் போட்டால் லைட் எரியத்தான் செய்யும், 45,000 ரூபாய் கொடுத்தால் டியூன் பண்ணி அணைத்துவிடலாம்" என்கிறார் கடைக்காரர். டியூன் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது. பி0430 சொல்லும் பேங்க் 2 (எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசையில் ஒன்று) என்றால் டிரைவர் பக்கம் என்று இணையத்தில் பார்த்து, அந்தப் பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தாகிவிட்டது, லீக் எதுவும் இல்லையாம். டியூனுக்குப் பணம் கட்டலாமா, இல்லை அப்படியே ஓட்டலாமா என்கிறார்.

உண்மையில் நீங்கள் கேட்பது, அந்த லைட் சொல்வது நிஜமா பொய்யா என்பதுதான். நிஜம் என்றால் புதிதாகப் போட்ட கேட்கான் வேலை செய்யவில்லை. பொய் என்றால் கேட்கான் நன்றாக இருக்கிறது, சென்சாரை வேறு ஏதோ ஏமாற்றுகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் டியூன் பண்ணி அணைத்தால், தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் காசு கொடுத்து அடைத்த கதையாகிவிடும். அதனால் பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் டைனமோ, செல்ஃப் மோட்டார். கடந்த 12 வருடமாக ஸ்கேனர்தான் முழு நேர வேலை. மஸ்டாங் என் பிட்டுக்கு வந்தது இரண்டே இரண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் லாம்டா சென்சார் (புகையில் ஆக்சிஜனைப் பார்க்கும் சென்சார், கேட்கானுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று) கணக்கு ஸ்விஃப்டுக்கும் மஸ்டாங்குக்கும் ஒன்றுதான், சிலிண்டர் வரிசை இரண்டாக இருப்பதால் இங்கே எல்லாமே இரண்டு. வண்டி என் கண் முன்னால் இல்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதி என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியான ஒன்று: நீங்கள் தவறான பக்கத்தில் தேடியிருக்கிறீர்கள். பேங்க் 1 என்றால் ஒன்றாம் நம்பர் சிலிண்டர் இருக்கும் வரிசை, மற்றது பேங்க் 2. விதி அவ்வளவுதான், டிரைவர் பக்கம் பாசஞ்சர் பக்கம் என்ற பேச்சே அதில் கிடையாது. ஃபோர்டின் இந்த வி8இல் 1 முதல் 4 வரை வலப்பக்கம், 5 முதல் 8 வரை இடப்பக்கம். வலம் இடம் என்பது சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் அங்கே உள்ளவர்கள் பேங்க் 2ஐ டிரைவர் பக்கம் என்று எழுதுகிறார்கள், அவர்கள் ஊருக்கு அது சரிதான். நமக்கு விற்ற வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்ததே தவிர எஞ்சின் அப்படியேதான் இருக்கிறது. ஆக உங்கள் பேங்க் 2 இடப்பக்கம், முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவரின் காலுக்குக் கீழே. பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தபடி நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் அது, அங்கேயும் ஒரு தடவை குழம்ப வாய்ப்பு உண்டு. இதை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். ஷெவர்லேயின் வி8களில் ஒன்றாம் சிலிண்டர் இடப்பக்கம் இருக்கும், அங்கே கணக்கு தலைகீழ்.

அடுத்து அந்த இரண்டு கோடு. பி0430 என்றால் பேங்க் 2 கேட்கானின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. இதே குறை மறு பக்கத்தில் வந்திருந்தால் பி0420 என்று காட்டும். பி2098 என்றால், அதே பேங்க் 2இல் கேட்கானுக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் கணக்குப்படி கலவை லீன், அதாவது ஆக்சிஜன் தேவைக்கு மேல் தெரிகிறது. இரண்டும் ஒரே பக்கம். கடைக்காரர் சொல்வதுபோல ஹை ஃப்ளோ கேட்கான் போட்டதுதான் காரணம் என்றால், ஒரே மாதிரி இரண்டு கேட்கான் ஒரே நாளில் போட்டிருக்க, ஒரு பக்கம் மட்டும் ஏன் பிராது வருகிறது? அதையும் தாண்டி பி2098 வேறு கூடவே நிற்கிறது. எனக்கு இது கேட்கான் சாவதுபோலத் தெரியவில்லை, அந்தப் பக்கம் எங்கோ வெளிக்காற்று புகுவதுபோலத்தான் தெரிகிறது. இது ஊகம்தான், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதில்தான் கட்டுவேன்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்று தெரிய வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, எரியாத பெட்ரோல் எவ்வளவு என்றெல்லாம் அது அளப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும். கேட்கானுக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சோடு சீரியம் ஆக்சைடும் இருக்கிறது, அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துத் தேவைப்படும்போது விடும். தென்பெண்ணையில் தண்ணீர் ஏறி இறங்கி வந்தாலும் கே.ஆர்.பி. அணை மதகில் சீராகப் போகிறதல்லவா, அந்த மாதிரி. முன் சென்சார் பக்கம் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), லீன் என்று மாறி மாறி ஆடும். கேட்கான் அந்த ஆட்டத்தை உள்வாங்கிக்கொள்வதால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அலுங்காமல் நிற்கும். கேட்கான் செத்துப்போனால் அணை தூர்ந்த கதை, முன்னால் ஆடுகிற ஆட்டமெல்லாம் பின்னாலும் 0.1க்கும் 0.9க்கும் இடையில் அப்படியே தெரியும். அதைப் பார்த்துத்தான் பி0430 போடுகிறது. ஆனால் பின் சென்சாருக்கு முன்னால் எங்கேயாவது ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் பின் சென்சார் ஆடும், அல்லது 0.1 பக்கம் தாழ்ந்து கிடக்கும். கம்ப்யூட்டருக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான்.

"ஓட்டை இருந்தால் புகைதானே வெளியே வரும், காற்று எப்படி உள்ளே போகும்?" என்று என் கடைப் பையன்களே கேட்பார்கள். புகை குழாயில் ஆறு மாதிரி ஓடுவதில்லை, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடியாக வருகிறது. அந்த அழுத்த அலை கடந்து போனதும் அதன் முதுகில் ஒரு கணம் உறிஞ்சல் ஏற்படும், அந்த ஒரு கணத்தில் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஐடிலில் இது அதிகம் தெரியும், ஆர்பிஎம் ஏறி அழுத்தம் கூடினால் குறைந்துவிடும். இந்தக் குணத்தை வைத்தே லீக்கைப் பிடித்துவிடலாம்.

ஸ்கேனரில் வந்த கோடுகளை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஸ்கேனரில் இருக்கும் பக்கத்தைத் திறந்து போட்டோ எடுத்து வையுங்கள். லைட் எரிந்த நொடியில் வண்டி என்ன வேகம், எவ்வளவு லோடு, எஞ்சின் சூடு எவ்வளவு, ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற எண்) என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கோடுகளை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்கும் நண்பர்கள் செய்வதும் இதைத்தான், சாட்சியைக் கொன்றுவிட்டு விசாரணை நடத்துவார்கள்.

அப்புறம் லைவ் டேட்டா. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் நான்கு எண்கள் பாருங்கள்: பேங்க் 1, பேங்க் 2 இரண்டுக்கும் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூல் டிரிம். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து அதே நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிளஸ் 4, 5 என்று நின்றால் கவலை வேண்டாம். இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது சகஜம், எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. பேங்க் 1 பிளஸ் 4, பேங்க் 2 பிளஸ் 14 என்று வந்து, ஆர்பிஎம் ஏற்றினால் 14 இறங்கி 6 ஆனால், பேங்க் 2இல் முன் சென்சார் பக்கமே லீக் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம், எஞ்சினிலிருந்து குழாய் தொடங்கும் மேனிஃபோல்டு ஜாயிண்ட்டைப் பாருங்கள். டிரிம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நல்லபடியாக இருந்து, பின் சென்சார் வோல்டேஜ் மட்டும் பேங்க் 2இல் தாழ்ந்து கிடந்தால், லீக் முன் சென்சாரைத் தாண்டி, பின் சென்சாரை ஒட்டி எங்கோ இருக்கிறது. உங்கள் கோடுகளைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் மனதில் படுகிறது. ஒரு பக்கம் பிளஸ்ஸில் உச்சத்துக்கும் மறு பக்கம் மைனஸில் உச்சத்துக்கும் போய் வண்டி தத்தளித்தால், முன் சென்சார் கனெக்டர்களை வலம் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள், அதனால் அது இல்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த வண்டியில் முன் சென்சார் வைட்பேண்ட் வகை, பழைய வண்டிகள் மாதிரி 0.1க்கும் 0.9க்கும் இடையில் துள்ளாது. அது துள்ளவில்லையே, செத்துவிட்டதோ என்று பயந்து புதிது வாங்கிவிடாதீர்கள்.

இனி லீக்கைக் கண்ணால் பார்க்கும் வேலை. இதற்கு ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் தங்கமான நேரம். இரும்பு குளிர்ந்து சுருங்கியிருப்பதால் ஜாயிண்ட்டில் டிக் டிக் என்று ஊதும், சூடானதும் விரிந்து தானே அடைத்துக்கொண்டு சத்தம் நின்றுவிடும். ஓசூர்க் குளிரில் இன்னும் நன்றாகக் கேட்கும். பட்டறையில் மதியம் சூட்டோடு பார்த்துவிட்டு "லீக் இல்லை" என்று அனுப்புவது இதனால்தான். உங்கள் மஃப்ளர் போடும் சத்தத்தில் காதுக்கு எட்டாது என்றால் நான் செய்கிற முறையைச் செய்யுங்கள். எஞ்சின் ஆஃப், குழாய் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். பின்னால் ஒரு பக்கக் குழாய்களை ஈரத்துணி திணித்து அடையுங்கள், மறு பக்கத்தில் ஏர் புளோயரை வைத்துச் சுற்றிலும் துணி சுற்றி ஊதவிடுங்கள், வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கம்கூடப் போதும். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் இரண்டை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து, செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, இடப்பக்கக் குழாயில் மேனிஃபோல்டு ஜாயிண்ட், கேட்கான் இரண்டு முனை, சென்சார் மாட்டியிருக்கும் நட்டைச் சுற்றிய வெல்டிங், பின் சென்சாருக்கு அடுத்த ஒரு முழம் என்று வரிசையாக அடியுங்கள். பெரிய லீக் தண்ணீரைத் தெறிக்கும். சின்ன லீக் உடனே தெரியாது. அரை நிமிடம் டார்ச் அடித்துக் காத்திருந்தால் ஒரே இடத்தில் கடுகு கடுகாக நுரை முளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சோப்பு நுரைக் கொத்து மாதிரி தொங்கும். அதுதான் இடம். ஜாக் மேல் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள் அல்லது பிட்டில் ஏற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதானால் ஷெட் கதவு திறந்திருக்க வேண்டும், அந்தப் புகை வாசம் காட்டாமல் ஆளைச் சாய்க்கும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் வியாபாரம் செய்யும் ஒருவர், அவர் மகனுடைய டர்போ செடானைக் கொண்டுவந்தார். டர்போவுக்கு அடுத்த குழாயான டவுன்பைப்பை மாற்றியிருந்தார்கள், லைட் எரிந்தது, வேறு இரண்டு பட்டறையில் மூன்று சென்சார் மாற்றியும் போகவில்லை. மூன்றும் நல்ல சென்சார்தான். சென்சார் நட்டைக் குழாயில் பற்றவைத்த இடத்தில், வெல்டிங் ஆரம்பித்த புள்ளியும் முடித்த புள்ளியும் சேரும் இடத்தில், குண்டூசித் தலையளவு ஓட்டை. கையால் தடவினால் தெரியாது, மேல்பக்கம் இருந்ததால் கண்ணுக்கும் தெரியாது, ஷாம்புத் தண்ணீரில்தான் தெரிந்தது. திரும்பப் பற்றவைக்க ஐந்து நிமிடம் ஆனது, சென்சாரைக் கழற்றத்தான் அரை மணி. அவர் அந்த மூன்று சென்சார் பில்லையும் என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தார், நான் என்ன செய்ய.

என் பெருமையை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது. ஆரம்ப காலத்தில் நானே ஒரு ஃபிளேஞ்சில் (குழாய்கள் போல்ட்டில் சேரும் இடம்) பேக்கிங்குக்குப் பதிலாகச் சாதாரண சிலிகான் பேஸ்ட் போட்டு இறுக்கிவிட்டேன். லீக் நின்றது, மூன்றாவது வாரம் அந்தப் பக்கத்துச் சென்சார் போய்விட்டது. கழற்றினால் முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருந்தது. சிலிகான் ஆவி லாம்டா சென்சாருக்கு விஷம், அது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது, கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன். உங்கள் குழாய் ஜாயிண்ட்டில் சிவப்போ கறுப்போ பேஸ்ட் பிதுங்கிக்கொண்டிருந்தால் என்ன பேஸ்ட், சென்சாருக்கு ஆகுமா என்று கடையில் கேளுங்கள். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டார்களா என்பதையும் கேளுங்கள், பாதி லீக்கின் பிறப்பிடம் அதுதான்.

லீக்கே இல்லை என்று ஆனால் சென்சாருக்கும் கம்பிக்கும் வாருங்கள். புதுக் குழாய் பழைய குழாய் போன வழியிலேயே போவதில்லை. கம்பெனி கிளிப்பில் இருந்த ஒயர் கழன்று குழாய்மேல் சாய்ந்து உருகியிருக்கலாம், கனெக்டர் பூட்டு சரியாக விழாமல் இருக்கலாம். சென்சாரின் ஹீட்டர் போயிருந்தால் அதற்கென்று தனிக் கோடு வந்திருக்கும், உங்களுக்கு வரவில்லை, அதனால் ஹீட்டரை விட்டுவிடலாம். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம்: பின் சென்சார் வோல்டேஜைத் திரையில் வைத்துக்கொண்டு ஓட்டும்போது நன்றாக மிதித்தால் 0.8க்கு மேல் ஏற வேண்டும், காலை எடுத்து கியரிலேயே உருளவிட்டால் பெட்ரோல் கட் ஆகி பூஜ்ஜியத்தை ஒட்டி விழ வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் திரையை அவர் பார்க்கட்டும். இரண்டும் நடந்தால் சென்சார் நல்லது. என்ன செய்தாலும் ஒரே எண்ணிலேயே உறைந்து நின்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கலாம். இன்னும் சந்தேகம் என்றால், ஒயர் நீளம் எட்டினால், பின் சென்சார் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0420 ஆக மாறினால் சென்சார் குற்றவாளி, பி0430லேயே நின்றால் சென்சார் நிரபராதி.

கேட்கானைப் பற்றி. கம்பெனி கேட்கானில் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 அறைகள் இருப்பது வழக்கம், ஹை ஃப்ளோ என்று விற்பதில் பெரும்பாலும் 200. அறை குறைந்தால் பரப்பு குறைவு, ஆக்சிஜன் சேமிப்பும் குறைவு. அதனால் கடைக்காரர் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல தரத்தில் வாங்கியதே சில வண்டியில் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்று, ஆறு மாதம் கழித்து லைட் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி வந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். உங்கள் ஸ்கேனர் ஆப்பில் மோடு 6 என்று ஒன்று இருந்தால், அல்லது ஃபோர்டுக்கென்றே இருக்கும் ஃபோர்ஸ்கேனில் பார்த்தால், ஒவ்வொரு கேட்கானுக்கும் கடைசிச் சோதனையில் வந்த அளவும் அதன் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேங்க் 1 வரம்புக்கு நல்ல தூரத்தில் இருந்து பேங்க் 2 மட்டும் தாண்டியிருந்தால் லீக்கையே தேடுங்கள். பேங்க் 1உம் வரம்பை உரசிக்கொண்டிருந்தால் கேட்கான் தரத்தைச் சந்தேகப்படலாம். ஆறின கேட்கானை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கலகலவென்று உள்ளே கல் உருண்டால் உடைந்திருக்கிறது. காலி டப்பாவுக்கு ஹை ஃப்ளோ ஸ்டிக்கர் ஒட்டி விற்றதையும் பார்த்தாகிவிட்டது, கழற்றினால் ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பாருங்கள், தேன்கூடு தெரிய வேண்டும்.

லேசர் தெர்மாமீட்டரால் கேட்கானுக்கு முன்னும் பின்னும் சூடு பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எஞ்சின் சுத்தமாக எரிந்தால் கேட்கானுக்குள் எரிய மிச்சமே அதிகம் இருக்காது, சூட்டு வித்தியாசமும் பெரிதாக வராது. பளபளக்கும் ஸ்டீல் குழாயில் அந்தக் கருவி வேறு தப்பாகக் காட்டும். டேங்கில் ஊற்றினால் கேட்கான் சுத்தமாகும் என்கிற பாட்டில்களையும் விட்டுவிடுங்கள். அதைவிட மலிவாக ஒரு வழி இருக்கிறது, புகைச் சோதனை மையம். பெட்ரோல் வண்டிக்கு அங்கே வேக ஐடிலில் லாம்டாவும் அளப்பார்கள், 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும். லாம்டா 1.03ஐத் தாண்டி, கார்பன் மோனாக்சைடு மட்டும் நல்லபடியாகக் குறைவாக இருந்தால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது என்பதற்கு அது இன்னொரு சாட்சி. உங்கள் வண்டியில் எச்-பைப் இரண்டு பக்கத்தையும் கலந்துவிடுவதால் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

இப்போது கடைக்காரரின் வைத்தியம். லைட்டை அணைக்க இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, பின் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் போட்டு அதைப் புகையிலிருந்து தள்ளி வைப்பது. இன்னொன்று, டியூனில் பின் சென்சார் சோதனையையே நிறுத்திவிடுவது. ஸ்பேசர் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் பின் சென்சாரை வைத்துக் கலவையையும் திருத்துகிற கம்ப்யூட்டர் இது, பி2098 வந்திருப்பதே அதற்குச் சான்று. ஏற்கெனவே ஒரு பக்கம் ஸ்பேசர் போட்டுத்தான் கொடுத்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள், அதனால்கூட இந்தக் கோடு வரலாம். டியூனில் நிறுத்தினால் லைட் போகும், மறுக்கவில்லை. லீக் அப்படியே இருக்கும், நாளைக்கு நிஜமாகவே கேட்கான் உருகி அடைத்தாலும் உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்காது. புது எக்ஸாஸ்டுக்கு ஏற்பக் கலவையையும் இக்னிஷனையும் சரிசெய்கிற நல்ல டியூன் வேறு விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை, லீக்கை அடைத்த பிறகு செய்யுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சத்தம், புகை விதியை மீறி ஓட்டினால் 190(2)இன் கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். கேட்கானே இல்லாமல் ஓட்டுவதற்கும், டியூனில் சோதனையை மறைத்து ஓட்டுவதற்கும் நான் வழி சொல்லித் தர மாட்டேன்.

அதுவரை ஓட்டலாமா? லைட் நிலையாக எரிகிறது, பிக்கப் குறையவில்லை, பெட்ரோல் வாசம் இல்லை என்றால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை மிதமாக ஓட்டி வருவதில் ஆபத்து இல்லை. லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தால் கதை வேறு. அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உடனே காலை எடுத்து ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். கேபினுக்குள் புகை வாசம் வந்தாலும் ஓட்டாதீர்கள்.

லீக்கை அடைத்த பிறகு கோடுகளை அழித்துவிட்டு, லைட் வரவில்லை என்று மறுநாளே கொண்டாடாதீர்கள். கேட்கான் சோதனை ஒவ்வொரு ஓட்டத்திலும் நடப்பதில்லை. நடந்தாலும் பெரும்பாலும் இரண்டு ஓட்டத்தில் தோற்ற பிறகுதான் லைட் எரியும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கிளம்பி, சூளகிரி தாண்டி ரோடு காலியானதும் 80இல் கால் ஆடாமல் 20 நிமிடம் போய், கிருஷ்ணகிரி வந்ததும் ஸ்கேனரில் ரெடினஸ் பக்கத்தைப் பாருங்கள். கேட்டலிஸ்ட் என்ற வரிக்கு எதிரே முடிந்தது என்று வந்து, பெண்டிங்கிலும் எதுவும் இல்லை என்றால் சரியாகிவிட்டது. முடியவில்லை என்று இருந்தால் இன்னும் இரண்டு நாள் ஓட்டுங்கள்.

இடப்பக்கம் ஷாம்புத் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு, அந்த நான்கு டிரிம் எண்களையும் ஐடிலில் எடுத்தது, 2,500இல் எடுத்தது என்று பிரித்து எழுதுங்கள், அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன். இன்னொன்று, கழற்றிய கம்பெனி கேட்கான் இரண்டும் உங்கள் வீட்டில் இருக்கிறதா, கடையிலேயே விட்டுவிட்டீர்களா? உள்ளே இருக்கிற பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் பழைய இரும்புக் கடையில் நல்ல காசு உண்டு. கடையில்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே போன் போட்டு, விற்றுவிட வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.